சம்பலா, சோஸா? மேசையில் வைத்த நாலு காரம்

(தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் சேமநல உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதம் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ரெண்டு தங்கச்சிமார் எங்களை மறித்து ஒரு கேள்வி கேட்டார்கள். "மிஸ், கடையில விக்கிற மிளகாய் சோஸ் நல்லதா, நாம அம்மியில அரைக்கிற சம்பல் நல்லதா? பிள்ளைங்க சோஸ் இல்லாட்டி ரொட்டியத் தொட மாட்டேங்குதுங்க." கேள்வி சின்னதுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் நம்ம லயத்து அடுப்படியின் கணக்கு முழுவதும் அதற்குள்ளே இருக்கிறது. அதனால் இன்றைக்கு அதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

இந்த மேசையைப் பாருங்கள். நாலு சாமான் வைத்திருக்கிறோம். ஒன்று, டவுன் கடையில் வாங்கிய மிளகாய் சோஸ் போத்தல். அடுத்தது சில்லி பேஸ்ட் என்று விற்கிறார்களே, எண்ணெய் மிதக்கிற அந்த விழுது. மூன்றாவது, இன்று காலையில் இங்கேயே அம்மியில் அரைத்த கட்டச் சம்பல். கடைசியாய் இருப்பது வினாகிரியில் ஊறப்போட்ட கொச்சிக்காய். கரண்டி சுற்றி வரும். நுனி நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். தொட்ட விரலால் கண்ணைத் துடைக்க வேண்டாம்!

முதலில் காரம் என்றால் என்ன என்று பார்ப்போம். மிளகாய் நம்ம நாட்டுச் சாமான் இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492ல் கொலம்பஸ் அந்தப் பக்கம் போன பிறகுதான் வெளியுலகம் அதைக் கண்டது. போர்த்துக்கீசர் 1505ல் இலங்கைக்கு வந்தார்கள். இந்தப் பக்கத்து நாடுகளில் மிளகாய் பரவியது அவர்கள் கப்பல் போக்குவரத்து வழியாகத்தான். அதற்கு முன்னால் நம்ம முன்னோருக்குக் காரம் என்றால் மிளகு. மிளகு மாதிரிக் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பேர் வைத்தார்கள். சிங்களத்திலும் இதே கதைதான். இன்று மிளகாய்க்கு மிரிஸ் என்றும், பழைய மிளகுக்கு கம்மிரிஸ் என்றும் சொல்கிறார்கள்.

காரம் விதையில் இருக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறோம். விதையில் இல்லை. விதை ஒட்டிக்கொண்டிருக்கிற வெள்ளைத் தசையில்தான் அதிகம் இருக்கிறது. கெப்செய்சின் என்பது அந்தப் பொருளின் பேர். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். அதனால்தான் வாய் எரியும்போது செம்பு செம்பாய்த் தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை. ஒரு வாய் தயிர், கொஞ்சம் பால், இல்லாவிட்டால் தேங்காய்ப்பால் விட்ட கறி ஒரு கரண்டி உள்ளே போனால் அடங்கிவிடும். இன்னொரு வேடிக்கை, பறவைகளுக்கு இந்தக் காரம் தெரியாது. கொண்டைக் குருவி கொச்சிப் பழத்தைத் தின்றுவிட்டுப் போய் எச்சம் போடுகிற இடத்தில் செடி முளைக்கும். கான் ஓரத்திலும் கொய்யா மரத்தடியிலும் யாருமே நடாத கொச்சிச் செடி நிற்கிறதே, அதை நட்டவர் அவர்தான்.

காரத்தை அளக்க ஒரு முறை உண்டு. 1912ல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் கண்டுபிடித்தது. மிளகாய்ச் சாற்றைச் சீனித் தண்ணீரில் கலந்து கலந்து, நாக்குக்குக் காரம் தெரியாமல் போகும் வரைக்கும் எத்தனை மடங்கு கலக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தார். அந்தக் கணக்குப்படி, நம்ம கொச்சிக்காய் வகையைச் சேர்ந்த சின்ன ஊசி மிளகாய்கள் 50,000 முதல் 100,000 வரை போகும். சிங்கள மக்கள் நயி மிரிஸ் என்று சொல்லுகிற, மேலெல்லாம் சுருங்கின மிளகாய் அதையும் தாண்டும். உலகம் பூராவும் பேர் போன டபாஸ்கோ சோஸ் எவ்வளவு தெரியுமா? 2,500 முதல் 5,000 வரைதான். கடையில் வாங்குகிற இனிப்புச் சோஸ்கள் பெரும்பாலும் அதற்கும் கீழேதான் வரும்.

அப்படியென்றால் போத்தல் வாங்கும்போது நாம் காசு கொடுப்பது காரத்துக்கு இல்லை. வேறு எதற்கு என்று போத்தலைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் சேர்மானங்கள் அச்சடித்திருக்கும். அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எது அதிகமோ அது முதலில், எது குறைவோ அது கடைசியில். சில போத்தல்களில் சீனியும் தண்ணீரும் முன்னால் நிற்கும், மிளகாய் பின்னால் வரும். பிறகு வினாகிரி, உப்பு, உள்ளி, இஞ்சி, கெட்டியாக வர மாச்சத்து, கெடாமலிருக்க சோடியம் பென்சோவேற். இதில் எதுவும் நஞ்சு இல்லை, அனுமதிக்கப்பட்ட அளவில் போடுவதுதான். ஆனால் பிள்ளைகள் சோஸ் சோஸ் என்று அழுவது மிளகாய்க்காக இல்லை என்பது இப்போது விளங்குகிறது இல்லையா? சீனிக்குத்தான் அழுகிறார்கள்.

நிறப் புள்ளியையும் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். 2016ல் மென்பானப் போத்தல்களுக்கு வந்த இந்தப் புள்ளி முறை, பிறகு மற்ற உணவுப் பொருட்களுக்கும் வந்தது. சிவப்பு என்றால் அந்தச் சாமானில் சீனியோ உப்போ கொழுப்போ அதிகம். செம்மஞ்சள் நடுத்தரம், பச்சை குறைவு. எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியம்மாமாரும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். உப்புக்குச் சிவப்பு விழுந்த சோஸை, ஏற்கனவே உப்புப் போட்ட ரொட்டிக்குத் தொட்டு, கருவாட்டுக் கறியும் வைத்துச் சாப்பிட்டால் என்ன ஆகும்? பெரியவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்தான் உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரஷர் கிளினிக்குக்கு வருகிற வரிசை நீண்டுகொண்டே போவது உங்களுக்கும் தெரியும்.

இவ்வளவு சொன்னதால் சோஸ் போத்தலைத் தூக்கிக் கானில் வீசச் சொல்லுகிறோம் என்று நினைக்க வேண்டாம். அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. சம்பளம் எடுத்த கிழமை கோழியோ சோயாமீட்டோ டெவில் போட வேண்டுமென்றால் சோஸ் கைகொடுக்கும். முறை தெரிந்து போட வேண்டும், அவ்வளவுதான். வெங்காயமும் கறி மிளகாயும் பெரிய துண்டாய் வெட்டி, நல்ல சூட்டில் வதக்கி, பொரித்து வைத்த சோயாமீட்டைப் போட்டுக் கிளறி, அடுப்பை இறக்கப் போகிற நேரத்தில் ரெண்டு மேசைக்கரண்டி சோஸ் விடுங்கள். முதலிலேயே விட்டால் அதிலுள்ள சீனி அடிப்பிடித்துக் கசக்கும். சோஸ் விடுகிற கறிக்கு உப்பைப் பாதியாய்க் குறைத்துவிடுங்கள், சீனி தனியாய் வேண்டவே வேண்டாம். முட்டை ரொட்டிக்கும், மிஞ்சின சோற்றைத் தாளிக்கிறதுக்கும், கோவாவும் கரட்டும் வதக்குகிறதுக்கும் ஒரு கரண்டி போதும். எந்தச் சாப்பாட்டுக்கும் தொட்டுக்க என்று தட்டின் ஓரத்தில் ஊற்றுகிறோமே, அதில்தான் போத்தல் ஒரு கிழமையில் காலியாகிறது. ஒரு போத்தல் விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கடையில் நிற்கும்போது ஒரு தரம் மனதுக்குள் வகுத்துப் பாருங்கள். கணக்கு நீங்களே போட வேண்டும், விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

சில்லி பேஸ்ட் வேறு ரகம். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, உள்ளி, உப்பு, கொஞ்சம் வினாகிரி சேர்த்து எண்ணெயில் வதக்கியது. காரமும் மணமும் சோஸை விட எத்தனையோ மடங்கு. இதை வாங்குகிறவர்கள் சின்னப் போத்தலாய் வாங்குங்கள். தாளிக்கும்போது அரைத் தேக்கரண்டி எண்ணெயில் விட்டால் கறி முழுக்க நிறம் பிடிக்கும். வீட்டில் செய்து வைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மேலே எண்ணெய் நிற்கிறது, அதனால் கெடாது என்று நம்பக் கூடாது. பச்சை உள்ளியை அரைத்து எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைத்தால், காற்றுப் படாத இடத்தில் வளர்கிற ஒரு பொல்லாத கிருமி அதற்குள் உண்டாகலாம். பார்வைக்கும் தெரியாது, மணத்திலும் தெரியாது. அதனால் நன்றாய் வதக்கி, வினாகிரி சேர்த்து, ரெண்டு மூன்று நாளைக்கு மட்டும் செய்துகொள்ளுங்கள்.

இப்போது நம்ம சம்பலுக்கு வருவோம். இதைப் பற்றித்தான் நாங்கள் கொஞ்சம் கூடப் பேச வேண்டும்.

கட்டச் சம்பல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இடித்த மிளகாய் ரெண்டு மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் பத்துப் பன்னிரண்டு, மாசி ஒரு கரண்டி, உப்பு, கடைசியாய்த் தேசிக்காய்ப் புளி. முதலில் உப்பும் மிளகாயும், பிறகு மாசி, பிறகு வெங்காயம் என்ற வரிசையில் அரைத்தால் வெங்காயம் தண்ணி விட்டுச் சளசளக்காது. அம்மியில் அரைத்ததுக்கும் கிரைண்டரில் அடித்ததுக்கும் ருசி வேறு என்று பெரியம்மாமார் சொல்வது வெறும் பழம்பெருமை இல்லை. அம்மி நசுக்கும், கிரைண்டர் வெட்டும். நசுங்கின வெங்காயத்தில் சாறு மிளகாயோடு சேர்ந்துவிடும். அவித்த மரவள்ளிக் கிழங்குக்கு இதை விட்டால் வேறு ஜோடி கிடையாது. பக்கத்துக் கிராமத்தில் புதுவருசத்துக்குப் பாற்சோறு கொடுத்தனுப்புவார்களே, அதன் ஓரத்திலும் இதுதான் இருக்கும். அவர்கள் லுணு மிரிஸ் என்பார்கள்.

வெங்காயமும் புளியும் சேர்ந்த சம்பலை அன்றைக்கே முடித்துவிடுங்கள். ஒரு கிழமைக்கு வைக்க வேண்டுமென்றால் வறுத்த மிளகாய், உப்பு, மாசி மூன்றையும் மட்டும் ஈரமில்லாமல் இடித்துப் போத்தலில் போடுங்கள். வேண்டும்போது எடுத்து வெங்காயமும் புளியும் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் இது ஒரு பெரிய உதவி.

மிளகாய் வாங்கும்போது காம்பைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் தெரிந்தால் அதை வாங்கக் கூடாது. அந்தப் பூஞ்சணத்தில் சிலது ஈரலுக்குக் கேடான நச்சை உண்டாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. விலை குறைவு என்று பழைய மிளகாயை வாங்கித் தூளாக்கினால், தூளில் எதுவும் தெரியாமல் போய்விடும். முழு மிளகாயாய் வாங்கி, வெயிலில் காயவைத்து, நாமே இடிப்பதில் இந்த ஒரு லாபம் இருக்கிறது.

சம்பலைப் புகழ்ந்தாகிவிட்டது. இப்போது கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். காரம் என்ன வேலை செய்கிறது? வாயில் நீர் ஊறவைக்கிறது. காய்ந்த ரொட்டியை உள்ளே தள்ளுகிறது. வெறும் மாவும் மிளகாயுமாய் வயிறு நிறைந்துவிடும், சாப்பிட்ட திருப்தியும் வந்துவிடும். மலையில் பகல் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்க்கும்போது நாங்களும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். ரெண்டு ரொட்டி, ஒரு உருண்டை சம்பல், ஒரு போத்தல் தேத்தண்ணி. 2022ல் சாமான் விலை ஏறின காலத்தில் கறி வைக்க முடியாமல் நிறைய வீடுகளில் மூன்று வேளைக்கும் இதே சாப்பாடு ஆனது. இன்னும் சில வீடுகளில் அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. சோஸ் வந்தும் இது மாறவில்லை. சம்பல் உருண்டை இருந்த இடத்தில் சிவப்புத் தண்ணி வந்திருக்கிறது, கறி மட்டும் இன்னும் வரவில்லை.

கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, கண் இமைக்குள் வெளிறியிருக்கிறது என்று கிளினிக்கில் சொல்லுகிறவர்கள் எத்தனை பேர்? இரத்தச்சோகை. உடம்புக்கு இரும்புச்சத்துப் போதவில்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று மருத்துவ மாது இந்த இடத்திலேயே உங்களுக்கு விளக்கியிருக்கிறார். இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காய் எடுக்க வேண்டும் என்பதில் பேச்சே இல்லை. அதோடு அடுப்படியில் செய்யக்கூடியதும் இருக்கிறது, அது இந்தச் சம்பலிலேயே இருக்கிறது.

சம்பலைத் தொட்டுக்கொள்ளுகிற சாமானாய் வைக்காமல், அதையே கறியாக்கிவிடுங்கள். காய்ந்த நெத்தலி ஒரு கைப்பிடி எடுத்துத் தலையைக் கிள்ளி, உப்புப் போகக் கழுவி, துணியில் ஒற்றி, மொறுமொறு என்று எண்ணெயில்லாமல் வறுத்து இடியுங்கள். மாசி வாங்குகிற இடத்தில் இதைச் சேர்க்கலாம், அளவைத் தாராளமாய்ப் போடலாம். முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் கிடைக்கும். அதில் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, பொடியாய் அரிந்த வல்லாரையோ பொன்னாங்காணியோ ரெண்டு கைப்பிடி, மிளகாய் வழக்கத்தில் பாதி, மேலே தேசிக்காய். கீரை பாதி, மற்றது பாதி என்று இருக்க வேண்டும். அவித்த கடலை இருந்தால் அதையும் இதில் பிரட்டலாம். பிள்ளைகளும் தின்பார்கள். தேசிக்காய்ப் புளி ருசிக்கு மட்டும் இல்லை. அதிலுள்ள விற்றமின் சி, கீரையிலும் கடலையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள உதவுகிறது. பச்சை மிளகாயிலும் அந்த விற்றமின் நிறைய உண்டு. சூட்டில் அது குறைந்துபோகும், அதனால் பச்சையாய்ச் சேர்க்கும்போதுதான் பலன். தேசிக்காயை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள்.

அடுத்தது சொல்ல எங்களுக்கே கொஞ்சம் சங்கடம்தான். நாம் பறிக்கிற கொழுந்து இந்த விசயத்தில் நமக்கு எதிரியாய் நிற்கிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து உணவிலிருக்கிற இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பு அதை உறிஞ்ச விடாது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, அதைச் சொன்னால் கூட்டத்தை விட்டு எல்லாரும் எழுந்து போய்விடுவீர்கள். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். சாப்பாட்டோடு கொதித்தாறின தண்ணீர். மாத்திரை எடுக்கும்போதும் அப்படியே.

மேசையில் நாலாவதாய் இருக்கிறதே, வினாகிரிக் கொச்சி, இதைத் தொட்டுப் பார்த்த அக்கா முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்! நாலு சாமானிலும் செலவு குறைந்தது இதுதான். வாய் அகலமான கண்ணாடிப் போத்தலைக் கொதிதண்ணியில் போட்டு எடுத்து, ஈரமில்லாமல் காயவையுங்கள். கொச்சிக்காயைக் காம்போடு கழுவித் துடைத்து, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்துக் குத்தி, போத்தல் முக்கால்வாசிக்கு நிரப்புங்கள். வினாகிரியில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, காய் மூழ்க ஊற்றி மூடிவிடுங்கள். ரெண்டு கிழமையில் வினாகிரிக்குக் காரம் இறங்கிவிடும். பருப்புக் கறிக்கும் கருவாட்டுக்கும் வதக்கின கோவாவுக்கும் சில சொட்டுப் போதும்.

இதே மூன்று சாமானை, மிளகாய், உப்பு, வினாகிரி, வைத்துத்தான் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து ஏவரி தீவில் மக்கில்ஹென்னி என்பவர் 1868ல் டபாஸ்கோவை விற்க ஆரம்பித்தார். அரைத்த மிளகாயை உப்போடு மரப்பீப்பாயில் வருசக்கணக்கில் புளிக்கவிட்டுப் பிறகு வினாகிரி சேர்க்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய் வந்த தங்கச்சிமார் அந்தச் சின்னப் போத்தலைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். சேவல் படம் போட்ட பெரிய போத்தலும் ஒன்று வருகிறது, சிறிராச்சா என்று. தாய்லாந்தில் கடலோரத்தில் இருக்கிற ஒரு ஊரின் பேர் அது. அந்தச் சேவல் போத்தலைச் செய்தவர் வியட்நாமிலிருந்து அகதியாய் அமெரிக்காவுக்குப் போன டேவிட் ட்ரான் என்பவர். 1980ல் தொடங்கினார். ஊர் விட்டு ஊர் போன ஆட்கள் முதலில் தேடுவது தங்கள் நாக்குக்குப் பழகின காரத்தைத்தான். கப்பலேறி வந்து கால்நடையாய் மலையேறின நம்ம பாட்டன் பூட்டனுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்.

மேல் பிரிவுகளில் இருப்பவர்கள், எங்களுக்குக் கொச்சி காய்க்காதே என்பீர்கள். உண்மைதான், நுவரெலியாப் பக்கத்துக் குளிருக்கும் பனிக்கும் மிளகாய்ச் செடி சரியாய் வராது. ஆனால் உங்களிடம் மரத்தக்காளி இருக்கிறதே! காம்பரா ஓரத்தில் பழுத்து விழுந்து கிடக்கிறது, பிள்ளைகள் எறிந்து விளையாடுகிறார்கள். அதில் நல்ல சோஸ் செய்யலாம். கடைச் சோஸை விட்டால் வேறு எதையும் தொடாத பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள்.

நன்றாய்ப் பழுத்த மரத்தக்காளி பத்து எடுங்கள். கொதிதண்ணியில் ரெண்டு நிமிசம் போட்டு எடுத்தால் தோல் கையோடு உரிந்து வரும். தோலை விட்டுவிடக் கூடாது, கசக்கும். காய்ந்த மிளகாய் பத்தை அரைக் கப் வினாகிரியில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, ஆறு பல் உள்ளி, விரல் நுனி அளவு இஞ்சியோடு சேர்த்து மை போல அரைத்துக்கொள்ளுங்கள். பழத்தை ஒரு கப் தண்ணீரில் குழைய அவித்து, விதை போக வடிகட்டிக் கரண்டியால் அழுத்தித் தேயுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, சீனி மூன்று மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி போட்டு, சின்ன நெருப்பில் அரை மணித்தியாலம் போல் கிளறுங்கள். அலுமினியச் சட்டி கூடாது, புளிப்பு அதை அரிக்கும். எவர்சில்வர் அல்லது மண்சட்டி நல்லது. ஒரு சொட்டைத் தட்டில் விட்டுச் சாய்த்தால் ஓடாமல் மெல்ல நகர வேண்டும், அதுதான் பதம். கொதிக்கக் கொதிக்கச் சுத்தமான போத்தலில் ஊற்றி மூடுங்கள். போத்தல் சூடாயிருக்க வேண்டும், குளிர்ந்த போத்தலில் ஊற்றினால் வெடிக்கும். நிழலான இடத்தில் வைத்து, திறந்த பிறகு ரெண்டு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். நுரை வந்தாலோ மூடி உப்பினாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பிள்ளைகளுக்கென்றால் மிளகாயை மூன்றாய்க் குறையுங்கள்.

சம்பள நாளில் லொறியில் கொண்டுவந்து பேர் ஒட்டாத போத்தலில் சோஸும் வினாகிரியும் மலிவாய் விற்கிறார்கள். பழைய சாராயப் போத்தலில் அடைத்து ஒரு வியாபாரி விற்றதை நாங்களே பார்த்தோம். செய்த இடம் இல்லை, திகதி இல்லை, சிவப்பு மட்டும் கண்ணைப் பறிக்கிறது. அதை வாங்காதீர்கள். யாராவது விற்றால் எங்களுக்கோ பொது சுகாதாரப் பரிசோதகருக்கோ சொல்லுங்கள். சொன்னவர் பேர் வெளியே வராது.

இனி, முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகளில் ரெண்டு மூன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

"கேஸ்டிக் இருக்கு, மிளகாயே சேர்க்கக் கூடாதா?" வயிற்றுப் புண்ணை மிளகாய் உண்டாக்குவதில்லை. அதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கிருமியும், சில வலி மாத்திரைகளும்தான். அந்தக் கிருமியைக் கண்டறிந்த அவுஸ்திரேலிய வைத்தியர்கள் ரெண்டு பேருக்கு 2005ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் புண் இருக்கும்போது காரம் பட்டால் எரியும், அதனால் ஆறும் வரை குறையுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு மலைக்குப் போவதும், முதுகு வலிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை போடுவதும்தான் முதலில் நிற்க வேண்டும். மலம் கறுப்பாய்ப் போனால் அன்றைக்கே தோட்ட வைத்திய நிலையத்துக்கு வாங்க. இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறவர்களுக்கு அதனாலும் கறுப்பாய்ப் போகும், ஆனாலும் வந்து காட்டிவிட்டுப் போங்க.

"பிள்ளைக்கு எத்தனை வயதில் காரம் பழக்கலாம்?" ஆறு மாதத்தில் மேலுணவு தொடங்கும்போது உப்பும் வேண்டாம், சீனியும் வேண்டாம், மிளகாயும் வேண்டாம். ஒரு வயதுக்குப் பிறகு வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழக்கும்போது, மிளகாய் போடும் முன்னால் பிள்ளையின் பங்கைத் தனியே எடுத்துவையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்த் தானே பழகிக்கொள்வார்கள். அழுகிற பிள்ளைக்குச் சோஸைத் தொட்டு ரொட்டி ஊட்டுவதை மட்டும் பழக்கிவிடாதீர்கள்.

கடைசியாய், பெயர் போடாத ஒரு துண்டுக் கடதாசியில் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "கொச்சி அரைச்ச கையால பிள்ளையத் தூக்கிட்டேன், பிள்ள வீறிட்டு அழுதிச்சு, என்ன செய்யறது?" முதலில் கையில் தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சவுக்காரம் போட்டு ரெண்டு தரம் கழுவுங்கள். எண்ணெயில்லாமல் வெறும் தண்ணீரில் கழுவினால் காரம் போகாது. பிள்ளையின் தோலில் பட்டிருந்தால் அங்கேயும் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு மெல்லச் சவுக்காரத்தில் கழுவலாம். கண்ணில் பட்டால் எண்ணெய் கூடாது, சுத்தமான தண்ணீரை விட்டு விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள், அடங்காவிட்டால் வைத்திய நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வாங்க. பால் கொடுக்கிற தாய்மார், மிளகாய் அரைத்த அன்றைக்கு, பிள்ளையை மடியில் எடுக்கும் முன்னால் நகக்கண்ணையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவிக்கொள்ளுங்கள்.